கிளட்ச் தேய்ந்தால் மெஷினையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: தென்னந்தோப்பில் புல் வெட்ட 8 வருடமாக ஒரு பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். 2 ஸ்ட்ரோக், 52 சிசி. கொஞ்ச நாளாக ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, அடர்ந்த புல்லில் பிளேடு நின்றுவிடுகிறது, கருகல் வாடை வேறு. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா ஐயா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தாராளமாக முடியும். இன்ஜின் நன்றாக ஓடும்போது மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் கிளட்சில்தான். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் கிளட்சில் இருக்கிற அதே தத்துவம்தான் இதிலும்: இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் மேல் இரண்டு ஷூ, நடுவே ஸ்பிரிங், வேகம் ஏறினால் ஷூக்கள் விரிந்து, பிளேடைச் சுற்ற வைக்கும் டிரம்மைக் கவ்வும். கவ்வாமல் வழுக்கும்போதுதான் அந்தக் கருகல் வாடை வரும்.

ஆனால் கிளட்சைத் தொடும் முன் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு பிளேடைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். பிளேடு மாட்டியிருக்கும் கியர் ஹெட் கழுத்தில் புல்லும் கொடியும் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தாலோ, உள்ளே கிரீஸ் வற்றிப் போயிருந்தாலோ பிளேடு இறுகிவிடும், அந்தப் பாரத்தை இழுக்க முடியாமல் நல்ல கிளட்சும் வழுக்கித் தேயும். இதைக் கவனிக்காமல் புது ஷூ போட்டவர்கள்தான் சீக்கிரமே திரும்ப கடைக்குப் போகிறார்கள்.

அடுத்து, இன்ஜினையும் பைப்பையும் இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றிப் பிரியுங்கள். பைப் பக்கம் டிரம் தெரியும். ஒரு கையால் டிரம்மைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை பிளேடைச் சுற்றச் சொல்லுங்கள். டிரம் நிற்க, பிளேடு மட்டும் சுற்றினால் கோளாறு கிளட்சில் இல்லை, உள்ளே போகும் ஷாஃப்ட்டின் பல்லோ கியரோ போய்விட்டது. இரண்டும் சேர்ந்து சுற்றினால் ஷூவைப் பாருங்கள். அதன் மேலுள்ள உராய்வுப் பட்டை (லைனிங்) தேய்ந்து உலோகம் தெரிகிறதா, இல்லை கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா? தேய்ந்திருந்தால் இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோடு சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் இழுத்து அதிரும். பளபளப்பு மட்டும்தான் என்றால் உப்புத்தாளால் ஷூவையும் டிரம்மின் உட்புறத்தையும் தேய்த்தாலே பிடிப்பு வந்துவிடும். டிரம் நீலம் பாய்ந்து, விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான். கடைக்குப் போகும்போது பழைய ஷூவையும் டிரம்மையும் கையோடு கொண்டு போங்கள், 76 மி.மீ., 78 மி.மீ. என்று அளவு மாறும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஷூ போல்ட்டைத் திருப்பினால் ஃப்ளைவீலும் கூடவே சுற்றும். அதை நிறுத்த ஸ்க்ரூ டிரைவரை முட்டுக் கொடுக்காதீர்கள், அதன் அலுமினிய இறகுகள் படக்கென்று உடைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் பாதிக்கு மேல் ஏறி எக்ஸாஸ்ட் துளையை மூடிய பிறகு, மெல்லிய நைலான் கயிற்றை மடித்து பிளக் துளை வழியாக உள்ளே நிரப்புங்கள் (ஒரு முனை வெளியே இருக்கட்டும்). பிஸ்டன் கயிற்றில் முட்டி நின்றுவிடும். போல்ட்டில் வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள், ஷூவில் அம்புக்குறி இருந்தால் அது பார்த்த திசையையும் சேர்த்து. லைனிங் தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். டிரம்மில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது.

மாட்டிய பிறகு முதல் பத்து நிமிடம் இளம்புல்லில் ஓட்டுங்கள். அப்புறம் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று பாதி ஆக்சிலேட்டரில் கனத்த புல்லை வெட்டுகிறோம் பாருங்கள், கிளட்சைத் தின்பது அதுதான். முழு வேகம் கொடுத்தபின் புல்லில் இறக்குங்கள், வெளியே எடுத்ததும் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மெஷினில் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதுவும் கிளட்ச்தானா?
- வாசகி, தென்காசி

பதில்: முதலில் ஐடில் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். மாற்றும் வரை அந்த மெஷினை யாரிடமும் கொடுக்காதீர்கள், குழந்தைகள் நடமாடும் வீடாக இருந்தால் பிளக் கேப்பைக் கழற்றியே வையுங்கள்.