நாஸ் பெட்டி படுத்துவிட்டதா? ரீபில்டு செய்யும் முன் நகல் எடுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு 4 டிபி டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு பதியும் முறை). சில மாதமாகவே 'டிகிரேடட்' (ஒரு டிஸ்க் குறைகிறது) என்று எச்சரிக்கை வந்தது, கவனிக்கவில்லை. போன வாரம் இடிமழையில் கரண்ட் போய் வந்தபின் 'வால்யூம் கிராஷ்டு' என்கிறது. அப்பா அம்மா தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் படங்கள், மகளின் கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான். லேப்டாப்பில் செருகினால் விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. புது டிஸ்க் வாங்கி ரீபில்டு செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ரீபில்டு என்றால் மிஞ்சியிருக்கும் டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கின் சிறு தரவுத் துண்டு) கடைசிவரை விடாமல் படிக்க வைத்து, புது டிஸ்க்கில் பதிவது. தளர்ந்த டிஸ்க் பல நேரம் அந்த வேலையில்தான் உயிரை விடும். விண்டோஸ் கேட்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நாஸ் பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். அதன் எக்ஸ்ட்4 (ext4), பிடிஆர்எஃப்எஸ் (btrfs) கோப்பு அமைப்புகளை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. 'கேன்சல்' கொடுத்துக் கழற்றிவிடுங்கள்.

எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று டேப் ஒட்டி எழுதி, சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி 3 டாக் (டிஸ்க்கை லேப்டாப்பில் இணைக்கும் தாங்கி) வாங்குங்கள். லேப்டாப்பை உபுண்டு லைவ் பென்டிரைவில் (லேப்டாப்பில் நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) கிளப்பி, ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்கை மட்டும் மாட்டுங்கள். டிஸ்க் சுழலவில்லை, அல்லது டக் டக் என்று தட்டுகிறது என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அது கிளீன் ரூம் (தூசியில்லா அறை) உள்ள லேப்தான் தொட வேண்டிய வேலை. மின்னலில் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு கருகியிருந்தாலும், அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் சிப்பில் இருக்கின்றன.

ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) 5, 197, 198 ஆகிய வரிகளின் 'ரா' எண் பூஜ்ஜியமாக இல்லையென்றால் தட்டில் கோளாறு. 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிளையோ கனெக்டரையோ சந்தேகப்படுங்கள். எல்லாமே சுத்தமாக இருந்தால் பெட்டியின் அடாப்டர் பழுதாகியிருக்கலாம். மல்டிமீட்டரில் 12 காட்டும் அடாப்டர்கூட டிஸ்க் சுழலத் தொடங்கும்போது சரியும். அப்படியே இருந்தாலும் நகல் எடுக்கும்வரை டிஸ்க்குகளைத் திரும்பப் பெட்டியில் போடாதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது அடுத்ததில்தான். மாதக்கணக்கில் எச்சரிக்கை வந்தது என்றால், ஒரு டிஸ்க் அன்றே விலகிவிட்டது. அதிலுள்ளது அன்றைய தேதிவரைதான். அது நன்றாகப் படிப்பதால் அதுவே நல்ல டிஸ்க் என்று நம்பிவிடுவார்கள். லினக்ஸில் ரெய்டைக் கையாளும் எம்டிஆட்ம் (mdadm) கருவியின் 'எக்ஸாமின்' (--examine) கட்டளையைத் தரவு பார்ட்டிஷனுக்கு (பொதுவாக ஆகப் பெரியது) கொடுங்கள். 'ஈவென்ட்ஸ்' எண்ணும் 'அப்டேட் டைம்' தேதியும் வரும். எண் கூடிய டிஸ்க்தான் புதியது, அதாவது கடைசிவரை தரவு பதிந்தது. பழையதையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் அப்பா அம்மா படங்கள் பெட்டிக்குள் போனபின் மாறியிருக்காது. விலகிய நாளுக்கு முன் ஏற்றியதெல்லாம் அதிலும் இருக்கும்.

புதியதை முதலில் டிடிரெஸ்க்யூவில் (ddrescue, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவி) நகலெடுங்கள். நேரடியாக இன்னொரு டிஸ்க்குக்கு என்றால் அது ஒரு செக்டர்கூடக் குறையக்கூடாது; இமேஜ் கோப்பாக என்றால் 6 டிபி டிஸ்க் வேண்டும். முதல் சுற்றுக்கு 'மைனஸ் என்' (-n), கெட்ட இடங்களைத் தாண்டிப் போகும். அடுத்த சுற்றுக்கு 'மைனஸ் டி' (-d), 'மைனஸ் ஆர் 3' (-r3). மேப் கோப்பை (எதுவரை நகலெடுத்தது என்ற பதிவு) வேறொரு பென்டிரைவில் வையுங்கள். லைவ் உபுண்டுவிலேயே விட்டால் கரண்ட் போனதும் அதுவும் போய்விடும், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் தரும் எஸ்டிபி (sdb), எஸ்டிசி (sdc) என்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறும். என்டர் தட்டும் முன் சீரியல் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். மூலமும் இலக்கும் மாறினால் எல்லாம் போச்சு. கோளாறில்லாத டிஸ்க்குக்கு யூஎஸ்பி 3இல் சுமார் 8 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். சாயங்கால மழை ஓய்ந்தபின் தொடங்கி, டேபிள் ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி வையுங்கள். லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

இனி நகலில் மட்டும் கை வையுங்கள். எம்டிஆட்மில் 'அசெம்பிள்' (--assemble), 'ரன்' (--run), 'ரீட்ஒன்லி' (--readonly) கொடுங்கள். எக்காரணம் கொண்டும் 'கிரியேட்' (--create) வேண்டாம். எக்ஸ்ட்4 என்றால் மவுண்ட் செய்யும்போது (கோப்புகளைப் பார்க்கத் திறக்கும்போது) 'ஆர்ஓ' (ro, படிக்க மட்டும்) உடன் 'நோலோட்' (noload) சேருங்கள். புதியதில் விட்டுப்போன செக்டர்களைப் பழையதிலிருந்து நிரப்ப ஆசை வரும். ஈவென்ட்ஸ் எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலொழிய அதைச் செய்யாதீர்கள், கோப்பு அமைப்பே குழம்பிவிடும். அதற்குப் பதிலாகப் பழைய டிஸ்க்கைத் தனியாக நகலெடுத்து, வேண்டிய கோப்புகளை மட்டும் எடுங்கள்.

கோப்பின் பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே ஓட்டை இருக்கலாம். படங்களைத் திறந்து பாருங்கள், கல்யாண வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை பழைய இரண்டு டிஸ்க்கும் அப்படியே அலமாரியில் இருக்கட்டும்.