துணியா, ஜவுளியா?

வணக்கம். கதையில் “கொடியில் காய்ந்த ஜவுளி மழையில் நனைந்தது” என்று எழுதியதை நண்பர் திருத்தச் சொன்னார், ஆனால் காரணம் சொல்லவில்லை என்கிறீர்கள். நண்பர் சொன்னது சரிதான். கொடியில் காய்வது துணி. அதே மழையில் லாரியில் கட்டுக்கட்டாக ஏற்றிய சரக்கு நனைந்தால் ஜவுளி.

ஜவுளி என்பது விற்பனைச் சரக்கின் பெயர். அதனால்தான் ஜவுளி வியாபாரம், ஜவுளி ஆலை, ஜவுளித் துறை என்கிறோம். “ஜவுளி எடுக்கப் போனோம்” என்பதும் சரி. கடையில் இருக்கும்வரை அது சரக்குதானே! வீட்டுக்கு வந்து பிரித்து உடுத்திவிட்டால் துணியாகிவிடும். ஜவுளியைத் துவைத்தேன், ஜவுளி கிழிந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

துணி எங்கும் பொருந்தும். தைக்காத நீளத்தையும் சொல்லலாம், தைத்த சட்டையையும் சொல்லலாம், அடுப்படியில் கிடக்கும் கைப்பிடித் துணியையும் சொல்லலாம். துணித்தல் என்றால் வெட்டுதல். தறியிலிருந்து அறுத்தெடுத்தது துணி. சங்க காலத்தில் இதே போக்கில் அறுவை என்றார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற புலவர் துணி வியாபாரிதான், மருத்துவர் இல்லை!

உங்கள் வரியில் ‘துணி’ போடுங்கள். அப்புறம், கதாபாத்திரம் கடைக்காரர் என்றால் அவர் பேச்சில் ஜவுளி தாராளமாக வரலாம்.