Re: கோவிட் வந்து போனபின் வலது காதில் விசில் சத்தம்

வணக்கம். காய்ச்சல் விட்டு மூன்று வாரமாக விசில் சத்தம், இரண்டு நாளாக அந்தக் காதில் போன் பேசினால் மந்தமாகக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விசிலைவிட அந்த மந்தம்தான் எனக்குக் கவலை தருகிறது. தள்ளிப்போடாமல் இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். சத்தம் வலது காதில் தூக்கலாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ சளியோ அடைத்திருக்கும். இடது காதுக்கு நகர்ந்தால் நரம்பு பாதித்திருக்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள், ஆடியோகிராம் (எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் செவிப் பரிசோதனை) எடுத்தால்தான் உறுதியாகும். திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு என்றால் ஸ்டீராய்டு தருவார்கள். முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதுவரை காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

கோவிடுக்குப் பிறகு எனக்கும் இரண்டு காதிலும் இரைச்சல் வந்தது. செவித்திறன் சரியாகவே இருந்தது. ராத்திரி நிசப்தத்தில்தான் பெரிதாகக் கேட்கும். மழைச் சத்தத்தை மெதுவாக, இரைச்சலை மூழ்கடிக்காத அளவுக்கு, தலைமாட்டில் ஓடவிட்டுப் படுத்தேன், தூக்கம் வந்தது. பரிசோதனை முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.