துருவேறிய பழைய காருக்கு எந்த லிப்ட் பொருந்தும்?

கேள்வி: 1962-இல் தயாரான மோரிஸ் மைனர் காரை வீட்டு ஷெட்டில் வைத்துப் பழுதுபார்த்து வருகிறேன். இதுவரை ஜாக் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, தரையில் மல்லாந்து படுத்தே எல்லா வேலையையும் செய்தேன். இனி என் முதுகு தாங்காது. ரேம்ப் (சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் சரிவு மேடை) வாங்கினால் போதுமா, லிப்ட் வேண்டுமா? லிப்ட் என்றால் இரண்டு தூணா, நான்கு தூணா?

பதில்: லிப்ட் எத்தனை டன் தூக்கும் என்று பார்த்துத்தான் பலரும் தேர்வைத் தொடங்குகிறார்கள். உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். மோரிஸ் மைனரின் எடை ஏறக்குறைய 800 கிலோதான். தூண் லிப்டுகளில் மிகச் சிறியதுகூட அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். இங்கே தாங்குமா என்று கேட்க வேண்டியது லிப்டைப் பற்றி அல்ல, காரைப் பற்றி. அறுபது வருடம் கண்ட அந்த உடலை எந்த இடத்தில் பிடித்துத் தூக்கலாம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் காருக்கு உடலைத் தாங்கும் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டிச் சட்டம், முன் இருக்கைகளுக்கு அடியில் செல்லும் குறுக்கு உத்தரம் ஆகியவை சேர்ந்துதான் அதற்கு முதுகெலும்பு. முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள் அந்த உத்தரத்தில்தான் வந்து பிடித்துக்கொள்கின்றன. காரோடு வந்த ஜாக்கை மாட்டும் இடமும் அந்த உத்தரத்தின் முனைதான். துரு முதலில் தின்பதும் அதே முனையைத்தான்!

ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் கைப்பிடியால் சட்டத்தின் அடிப்பக்கத்தை முன்னிருந்து பின்னாக, விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். திடீரென்று ஓசை மந்தமாகும் இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். மேலே கறுப்புப் பூச்சு பளபளவென்று இருக்கும். உள்ளே சருகு போல உதிரும். பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்து மூடியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்தப் புதுத் தகட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இரண்டு தூண் லிப்டின் நான்கு கைகளும் இந்த அடிப்பகுதியைத்தான் பிடிக்கும். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும். பிரேக், சஸ்பென்ஷன், பேரிங் வேலைகளுக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் முன்னால் எஞ்சினின் எடையும் பின்னால் ஆக்சிலின் எடையும் கீழ்நோக்கி இழுக்க, நடு உடல் தனியாக அதைச் சுமக்க வேண்டும். கூரையில்லாத பழைய கார் ஒன்றை இப்படித் தூக்கியபோது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு சாண் உயரம்கூட ஏறவில்லை. கதவின் பின் விளிம்பில் இருந்த இடைவெளி மேலே அகன்றது, கீழே இறுகியது. உடல் வளைந்து தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உடனே இறக்கினோம். பெட்டிச் சட்டத்தின் உட்சுவர் முழுக்க அரித்துப் போயிருந்தது. இன்றும் எந்தப் பழைய காரை ஏற்றினாலும் ஒரு சாண் உயர்ந்ததும் நிறுத்திவிட்டுக் கதவு இடைவெளியைத்தான் முதலில் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டு தூணில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எஞ்சினைக் கழற்றியதும் முன்பக்கம் லேசாகி, வால் பக்கம் கனத்துவிடும். எஞ்சின் பின்னால் இருக்கும் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற கார்களில் இது நேர்மாறாக நடக்கும். கழற்றுவதற்கு முன்பே, கனக்கப் போகும் பக்கத்துக்கு உயரமான ஸ்டாண்டு வைத்து முட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

நான்கு தூண் லிப்டில், ஓடுதளங்கள் எனப்படும் இரு நீண்ட தளங்களின் மேல் கார் தன் சக்கரங்களிலேயே நிற்கிறது. சாலையில் நிற்கும்போது உடல் எப்படிச் சுமக்கிறதோ அப்படியேதான் அங்கேயும் சுமக்கும். அதனால் பலம் தெரியாத பழைய உடலுக்கு இதையே நான் முதலில் சொல்வேன். இன்னொரு நன்மையும் இருக்கிறது. பின் ஸ்பிரிங் பட்டைகளின் ரப்பர் புஷ்களின் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளைகளின்) போல்ட்டுகளைக் கார் தன் எடையில் அமர்ந்திருக்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். நான்கு தூணில் இந்த வேலையை நின்றபடியே முடித்துவிடலாம். சக்கரத்தைக் கழற்ற மட்டும், இரு ஓடுதளங்களுக்கும் நடுவே நகரும் ஜாக் பாலம் ஒன்று தனியாக வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஓடுதளங்களின் இடைவெளியை அளந்து பாருங்கள். உங்கள் காரின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 1.3 மீட்டர்தான் இருக்கும். இக்காலத்து அகலமான கார்களுக்காகச் செய்த லிப்டில் உங்கள் சக்கரங்கள் உள் விளிம்பை ஒட்டி ஓடும். தளத்தை உள்ளே தள்ளிப் பொருத்த வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது இடம். காரின் உயரம் ஒன்றரை மீட்டர். அடியில் நிமிர்ந்து நிற்க 1.8 மீட்டர், ஓடுதளத்தின் கனத்தையும் மேலே கொஞ்சம் இடைவெளியையும் சேர்த்தால் கூரை சுமார் மூன்றரை மீட்டர் இருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து வேலை செய்வீர்கள் என்றால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கூரை தாழ்வாக இருந்தாலும் பரவாயில்லை. மார்பளவு தூக்கி, சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்தாலே முதுகு பிழைத்துவிடும்.

தரை விஷயத்தில் இரண்டு தூண் லிப்ட் கறாரானது. தூண்களைச் சாயாமல் பிடித்து நிறுத்துவது கான்கிரீட்டில் இறங்கிய சில போல்ட்டுகள்தான். குறைந்தது 10 சென்டிமீட்டர் கனமுள்ள, விரிசல் இல்லாத நல்ல கான்கிரீட் வேண்டும்; பல லிப்டுகள் அதற்கும் மேல் கேட்கும். ஓரத்தில் ஒரு துளை போட்டு, கம்பி விட்டு அளந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உள்ளே எஃகுக் கேபிள்களை இழுத்துக் கட்டிய தளமாக இருந்தால் துளையே போடக் கூடாது. லிப்டின் மோட்டார் வீட்டில் வரும் ஒற்றை பேஸ் மின்சாரத்தில் ஓடுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேம்ப் ஆயில் மாற்ற, சைலன்சரைப் பார்க்க, கிரீஸ் அடிக்க உதவும். சக்கரத்தைக் கழற்ற வேண்டிய எந்த வேலைக்கும் உதவாது. வழவழப்பான தரையில் முன்னோக்கி வழுக்கும். அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். ஜாக்கில் பின்பக்கத்தைத் தூக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: உங்கள் கைபிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. அவை தரையை விட்டு எழுந்ததும் காரைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. ஒரு பின் சக்கரம் மட்டும் எழுந்தால்கூட, இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் டிஃபரன்ஷியல் வழியாக அது சுழல முடியும் என்பதால் கியரில் போட்டு வைத்ததும் பயன்படாது. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கைத் தொடுங்கள்.

கத்திரி போல மடிந்து விரியும் தாழ்வான கத்திரி லிப்டும் பெட்டிச் சட்டத்தைப் பிடித்தே தூக்குகிறது; துரு பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். நடுவில் நிற்கும் வகை, கியர்பாக்ஸை வேறு மறைத்துவிடும். தரையில் குழி வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது குழிக்குள் இறங்கித் தேங்கும். கையில் இருக்கும் விளக்கின் ஒரு பொறி போதும்.

எதை வாங்கினாலும், ஹைட்ராலிக் அழுத்தத்தை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். தூக்கிய பின் சற்றே இறக்கி, எல்லாத் தூண்களிலும் இரும்புப் பூட்டு ‘டக்’கென்று அமர்வதைக் காதால் கேட்டு, கண்ணாலும் பார்த்துவிட்டுப் போங்கள். லிப்டின் கம்பி வடங்களில் ஓர் இழை பிய்ந்திருந்தாலும் அன்றைய வேலையை நிறுத்துங்கள்.

உங்கள் நிலைக்கு என் முடிவு இது. ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் இப்போதைக்கு எந்த லிப்டும் வேண்டாம். காரை ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்தி, கதவு வாசல்களில் குறுக்குக் கம்பி வைத்துப் பிணைத்து, முதலில் சட்டத்தைப் புதுப்பியுங்கள். அதன் பிறகு, கூரை இடம் கொடுத்தால், ஜாக் பாலத்தோடு நான்கு தூண் லிப்ட் வாங்குங்கள். சட்டம் உறுதியாகி, தரையும் கனமாக இருந்து, பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளே உங்களுக்கு அதிகம் என்றால் மட்டும் இரண்டு தூணை யோசிக்கலாம்.