ஒட்டிய கையும் எட்டிய காலும்

வணக்கம் சார்,

சிங்கப்பூரில் எட்டு மாதமாக விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்கிறேன். வகுப்பில் பாதி நேரம் முதல் வடிவமான (தனியே செய்யும் அசைவுத் தொடர்) சியு நிம் தாவ், மீதி நேரம் சி சாவ் என்ற ஒட்டிய கைப் பயிற்சி. போன வாரம் கிக் பாக்ஸிங் பழகும் நண்பனோடு சும்மா மோதிப் பார்த்தேன். என் கை அவன்மேல் படவே இல்லை. தள்ளி நின்றே தொடையில் உதைத்துக்கொண்டிருந்தான். காலத்தை வீணடிக்கிறேனா? இன்னொன்று, பொங் சாவ் என்ற கைத் தடுப்பைப் பழகும் நாளெல்லாம் வலது தோள் வலிக்கிறது.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

நண்பர் உதைத்த தூரத்தில் நிற்க உங்களை யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான். சி சாவைக் குறைசொல்லிப் பயனில்லை. இருவரின் முன்னங்கைகளும் தொட்ட பிறகுதான் அது தொடங்குகிறது. ஒட்டிய கைகளை உருட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். எதிரில் நிற்பவர் அழுத்தினால் உங்கள் கை மல்லுக்கட்டாமல் மடங்கிப் பொங் சாவாகிறது. அவர் கையை எடுத்துவிட்டால் அந்தக் கணமே உங்கள் கை நேரே அவர் மார்புக்குப் போகவேண்டும். யோசித்து அனுப்பினால் தாமதம். அவ்வளவு நெருக்கத்தில் கண் பார்த்து முடிவெடுப்பதற்குள் இரண்டு குத்து வாங்கியிருப்போம். அந்த வேலையைத் தோலிடம் ஒப்படைக்கத்தான் இத்தனை உருட்டல்; சிலர் கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுவதும் அதற்காகத்தான். இதில் யார் யாரை அதிகம் தட்டினார் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் கெட்டது.

விங் சுன் ஆசான் இப் மேன் 1950இல் ஹாங்காங்கில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது கவுலூனில், உணவகத் தொழிலாளர் சங்கத்தில். அங்கிருந்து கிளம்பிய தலைமுறை சி சாவோடு நின்றுவிடவில்லை. ஐம்பதுகளில் மொட்டைமாடிகளிலும் மூடிய அறைகளிலும் வேறு பாணிக்காரர்களோடு 'பேய் மோ' என்ற சவால் மோதல்கள் நடந்தன. வோங் ஷுன் லியுங் பெயரெடுத்தது அங்கேதான். இப் மேனிடம் வருமுன்பே அவர் பாக்ஸிங் பழகியவர். தூரம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு வந்தவர். ப்ரூஸ் லீயைப் பழக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. (1959இல் ஹாங்காங்கை விட்டுக் கிளம்பியபோது லீ முழுப் பாடத்தையும் முடித்திருக்கவில்லை. சுவரில் அவர் படத்தை மாட்டும் பள்ளிகள் இதைச் சொல்வதில்லை!)

இன்று பல பள்ளிகளில் மோதல் போய்விட்டது, உருட்டல் மட்டும் தங்கிவிட்டது. என் வருத்தம் அதுதான்.

மொட்டைமாடியெல்லாம் வேண்டாம். அந்த நண்பரையே பிடியுங்கள். கையுறையும் கால்காப்பும் போட்டுக்கொண்டு, அவருக்கு வசதியான தூரத்திலிருந்தே உதைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரே வேலை: உதை கிளம்பும்போது பின்வாங்காமல் உள்ளே நுழைந்து அவர் கையைத் தொடுவது. தொட்டதும் நிறுத்திவிடுங்கள். குத்துவதெல்லாம் பிறகு. இரண்டாவது வடிவமான சம் கியூவில் வரும் திரும்பலும் நகர்வும் உதையும் எதற்கென்று அப்போது பிடிபடும். சீஃபூவிடம் (உங்கள் ஆசானிடம்) சொல்லிவிட்டே செய்யுங்கள். வீங்கிய தொடையோடு வகுப்புக்குப் போனால் எப்படியும் கேட்பார்.

தோள் விஷயம். பொங் சாவில் முழங்கை மணிக்கட்டைவிட உயர்ந்து நிற்கும். முழங்கையைத் தூக்குகிறேன் என்று நீங்கள் தோளையும் சேர்த்துத் தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடிமுன் செய்து பாருங்கள். தோள் காதை நெருங்கினால் அதுதான் காரணம். சியு நிம் தாவின் முதல் பகுதியை இப்போது செய்வதைவிட மெதுவாகச் செய்யுங்கள். வகுப்பில் தரும் மூலிகைத் தைலம் அடிபட்ட சதைக்குச் சரி, மூட்டுவலிக்கு அதை நம்பவேண்டாம். ராத்திரி தூக்கத்திலும் வலித்தால் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.