நிரலில் உள்தள்ளலுக்கு எத்தனை இடைவெளி விடுவது?

ஒரு வரி எதற்குள் அடங்குகிறது என்று கண்ணுக்குக் காட்ட, அதை வலப்பக்கம் தள்ளி எழுதுவதுதான் உள்தள்ளல். புத்தகப் பொருளடக்கத்தில் உட்தலைப்புகள் சற்று உள்ளே தள்ளி இருக்குமே, அதே வேலை.

அகலம் குறைந்தால் படிநிலை சட்டென்று புலப்படாது. கூடினால் வரிகள் திரையின் ஓரத்தில் முட்டும். பைத்தான் என்ற நிரல்மொழியின் நடைக் கையேடு 4 இடைவெளி என்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 8 இடைவெளி அகலத்துக்கு ஒரு டேப். மூன்று படிக்கு மேல் உள்ளே போகிறதா, நிரலையே திருத்து என்கிறது அதன் கையேடு. கறார்தான், ஆனாலும் நியாயம். சி பிளஸ் பிளஸ் மொழிக்கான கூகுளின் நடையில் 2. எனக்கு அது போதாது. சரி, பிறர் எழுதிய கோப்பு என்றால் அதில் உள்ள அகலம்தான்.

பைத்தானில் 4 இல்லாவிட்டால் பிழை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 3 வைத்தாலும் ஓடும், ஒரே தொகுதி வரிகளுக்குள் மாறாமல் இருந்தால் போதும்.