கஸ்டமர் சப்போர்ட் வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தால் தரம் போய்விடுமா?

அந்த ‘வெளியே’ உட்கார்ந்து போன் எடுத்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுடையது சிறிய மென்பொருள் நிறுவனம், டிக்கெட் (வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு உதவிக்கும் போடும் பதிவு) குவிகிறது, ஆள் எடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பில் நகல் வேண்டும், ராத்திரி நேர அழைப்புகள் இதையெல்லாம் தாராளமாக வெளியே கொடுங்கள். என்றைக்குக் கேட்டாலும் ஒரே பதில்தான். பொருளிலேயே கோளாறு இருக்கலாம் என்கிற கேள்விகளைக் கொடுக்காதீர்கள்.

நாங்கள் ஒரு கணக்கு மென்பொருளுக்கு முதல் நிலை சப்போர்ட் பார்த்தோம். ஒருநாள் காலையில் அப்டேட் வந்தது, பில்லில் வரி இரண்டு தடவை ஏற ஆரம்பித்தது. மதியத்துக்குள் எங்கள் வரிசையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அப்டேட்தான் காரணம் என்று. ஆனால் நாங்கள் அப்படியே சொல்ல வேண்டிய ஸ்கிரிப்டில் இருந்தது ‘நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்’. அதை மீறிப் பேசினால் குவாலிட்டி மார்க் போகும். டெவலப்பரிடம் பேச வழியில்லை. பிரச்சினையை மேலே அனுப்புகிற எஸ்கலேஷன் படிவத்தில் இந்த மாதிரிக் கோளாறுக்கு இடமே கிடையாது. மேலாளரிடம் போனால், “வார ரிப்போர்ட்ல போட்டுக்கலாம்” என்றார். ஒப்பந்தம் டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று போட்டிருந்தார்கள். ஒரே ஆள் மூன்று தடவை கூப்பிட்டால் மூன்று டிக்கெட். அப்புறம் யாருக்கு அவசரம்?

ஒப்பந்தத்தைச் சரியாகப் போட்டால் போதுமே என்று சிலர் வருவார்கள். சரி, முதல் அழைப்பிலேயே தீர்ந்தால்தான் காசு என்று எழுதலாம். அப்போதும் டெவலப்பர் காதுக்கு விஷயம் போகாது. வெளியே கொடுப்பதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. பெங்களூரு சப்போர்ட் மையத்தைப் பற்றிப் புகார்கள் வந்தபோது டெல் நிறுவனம் 2003-ல் ஆப்டிபிளெக்ஸ், லேட்டிட்யூட் வகைக் கணினிகள் வாங்கிய நிறுவன வாடிக்கையாளர்களின் அழைப்புகளை மட்டும்தான் அமெரிக்காவுக்குத் திருப்பியது. மையத்தை மூடவில்லை. அப்படிப் பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

வெளியே கொடுத்தால், அந்த ஆட்களில் இரண்டு பேரையாவது உங்கள் டெவலப்பர்களின் சாட் குழுவில் சேர்த்துவிடுங்கள். புது வெர்ஷன் விட்ட முதல் வாரம் அழைப்புகளை உங்கள் ஆட்களே எடுக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காததுதான். அழைப்பு முடிந்ததும் நட்சத்திரம் போடச் சொல்கிறார்களே, மென்பொருள் மேல் இருக்கிற கோபத்துக்கு ஒற்றை நட்சத்திரம் விழுவது போன் எடுத்தவர் பெயரில். அதை வைத்து அவருடைய ஊக்கத்தொகையை வெட்டுகிறார்கள். இது பச்சை அநியாயம். உங்கள் ஒப்பந்தத்தில் தயவுசெய்து அதை வைக்காதீர்கள்.